நினைவும் மறதியும்: கிரகாமின் ஆற்றங்கரை நூல்

கென்னத் கிரகாம் எழுதி 1908-இல் வெளிவந்த 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்னும் நூலைச் சிறுவர்க்குரிய விலங்குக் கதை என வகுத்தல் பெருவழக்கு. அகழெலியும் நீரெலியும் தேரையும் உரையாடும் நூலை அங்ஙனம் கொள்வதில் வியப்பில்லை. ஆயினும், ஆங்கில நாட்டு ஆற்றங்கரைச் சிற்றூரில் வளர்ந்தார் ஒருவரின் இளமை நினைவு நூலாகவே இதனை ஆராய்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

கிரகாம் 1859-இல் எடின்பரோவில் பிறந்தவர். 1864-இல் தாய் இறந்தார். மதுவுக்கு ஆட்பட்ட தந்தை, மக்கள் நால்வரையும் தேம்சு ஆற்றை அடுத்த குக்கம் டீன் என்னும் ஊரில் வாழ்ந்த தாய்வழிப் பாட்டியிடம் விடுத்தார். அங்கே கிரகாம் வாழ்ந்தது ஏறத்தாழ ஈராண்டே. 1906-இல், இங்கிலாந்து வங்கியின் செயலாளராக இருந்த காலத்து, மனைவி மகனுடன் அவ்வூர்க்கே மீண்டும் குடிபெயர்ந்தார். மகனுக்குச் சொல்லிய கதைகளே நூலாக வளர்ந்தன என்பர். அது மெய்யே, கதை மகனுக்குரியது, ஆறோ தந்தைக்குரியது. மண்ணுள் வாழ்ந்த அகழெலி முதன்முறையாக ஆற்றைக் கண்டு மயங்கி நிற்கும் தொடக்கத்தை, ஐந்து வயதில் தாயை இழந்து வந்த சிறுவனை மறந்து படித்தல் அரிது.

1895-இல் வெளிவந்த 'தி கோல்டன் ஏஜ்' நூலில் கிரகாம் 'நான்' என நின்றே இளமையைப் பேசினார். பெற்றோரற்ற சிறுவர் ஐவர் அதில் வருகின்றனர். அவர்தம் இழப்பு மட்டும் பேசப்படுவதில்லை. பிந்திய நூலில் 'நான்' மறைகின்றது. மறைந்த பின்னரே இழப்பு வாய் திறக்கின்றது. ஐந்தாம் இயலில், பனிக்கால இரவில் சிற்றூர் வழியே நடக்கும் அகழெலியும் நீரெலியும் விளக்கெரியும் வீடுகளைப் பலகணி வழியாகப் புறத்தே நின்று நோக்குகின்றன. பிறர் இல்லத்தில் வளர்ந்தவன் பார்வை அது. (அவ்வூரின் உழவர் வாழ்வு நூலில் இல்லை என்னும் குறையும் இப்பார்வையின் விளைவே. சரக்குப் படகுப் பெண்ணொருத்தி வருகின்றாள். அவளும் நகைச்சுவைக்கே பயன்படுகின்றாள்.) தேரையின் மோட்டார்க் குறும்புகளையே பாராட்டுவார் பலர், அவை நூலின் மேற்பரப்பு.

நூலின் உயிர்நிலை ஏழாம் இயல். நீர்நாயின் குட்டி காணாமற்போகின்றது. தான் அதற்கு முதலில் நீந்தக் கற்பித்த துறையில், தந்தை இரவுதோறும் காத்துக் கிடக்கின்றது. கிரகாமின் தந்தையோ, மக்களைச் சிறிது காலம் மீட்டழைத்து, மீண்டும் கைவிட்டு, அயல்நாடு சென்று, 1887-இல் பிரான்சு நாட்டில் இறந்தவர். வாழ்வில் காத்திராத தந்தை கதையில் காத்திருக்கின்றது. வரலாற்றை நூலின்மேல் ஏற்றியுரைத்தல் பிழை என்பாரும் உளர். ஏற்றியுரைக்க வேண்டுவதில்லை, கடமையற்றுத் திரியும் தனியரே மிக்க இந்நூலில், தந்தைமையின் துயர் இவ்வளவு விரிவாக எழுதப்பெற்ற இடம் இஃதொன்றே.

குட்டியைக் காத்த பான் என்னும் தெய்வம், அதைக் கண்டெடுத்தார்க்கு மறதியை அருளி மறைகின்றது. நினைவு நூலின் நடுவே மறதி வரமாக வருதல் வியப்பன்று. கண்டது நினைவில் நின்றால் எஞ்சிய வாழ்வு சுவையற்றுப் போம் எனக் கிரகாமே காரணங் காட்டுகின்றார். பின்னர் இருவரும் குட்டியைக் கரைப் பாதையில் இறக்கிவிட்டு, நடு ஆற்றிலிருந்து நோக்குகின்றனர். தந்தையின் மகிழ்ச்சிக் குரல் கேட்கின்றது. அவர்கள் அருகே செல்லவில்லை, படகைத் திருப்பிவிடுகின்றனர்.