வாட் கணக்கும் காதுக் கணக்கும்

வீட்டிற்கு ஒரு ஸ்டீரியோ வாங்கக் கடைக்குச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது, அட்டைப்பெட்டியின் மீது பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் ஓர் எண். ‘5,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஒரு பெட்டி முழங்கும். பக்கத்துப் பெட்டியிலோ ‘30 வாட்’ என்று மட்டுமே இருக்கும். விலை ஏறக்குறைய ஒன்றே என்றால் எதை வாங்கத் தோன்றும்? பல மாதச் சேமிப்பை ஓர் எண்ணை நம்பிக் கொடுக்குமுன், அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

பள்ளியில் படித்த ஆற்றல் அழியா விதியே இதற்குப் போதும். நம் வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண பிளக்கில் 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 6 ஆம்பியர் மின்னோட்டம் வரை எடுக்கலாம். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். அந்தப் பிளக்கில் செருகப்பட்ட கருவி 5,000 வாட்டைத் தொடர்ந்து வெளியிடுவது எங்ஙனம்? கருவியின் பின்புறத் தகட்டைப் பாருங்கள். அது எடுக்கும் மின்திறன் 60 வாட் என்பது போலக் குறிக்கப்பட்டிருக்கும். இது சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது எடுக்கும் திறனாகவும் இருக்கலாம். ஆயினும் 60க்கும் 5,000க்கும் இடையிலுள்ள பள்ளத்தை அந்தச் சமாதானம் நிரப்பிவிடாது.

மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஒரு கணப்பொழுதில் பாய்வதாகக் கொண்டு, ஒலி எவ்வளவு உருக்குலைந்தாலும் பொருட்படுத்தாமல், எல்லா ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்துக் கூட்டிச் சொல்லப்படுவதே இந்த பி.எம்.பி.ஓ. இதை அளக்க ஒப்புக்கொள்ளப்பட்ட முறை எதுவும் இல்லை. அளவுமுறை இல்லாத எண் அளவாகாது, அது விளம்பரமே.

இந்த வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் இத்தகைய மிகைக் கூற்றுகள் பெருகியதால், 1974இல் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதி வகுத்தது. வீட்டுப் பெருக்கியின் திறனை விளம்பரத்தில் சொல்வதானால், தொடர்ந்து வெளியிடும் சராசரித் திறனைச் சொல்ல வேண்டும். அது எத்தனை ஓம் தடைக்கு, எந்த அதிர்வெண் எல்லைக்குள், எத்தனை சதவீத உருக்குலைவுடன் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியில் நாம் தேட வேண்டியதும் இந்த நான்கு விவரங்களைத்தான். அவை இருந்தால் 30 வாட் என்பது நாணயமான 30 வாட்.

அந்த 30 வாட் வீட்டுக்குப் போதுமா? நம் செவி, திறனின் விகிதத்தை உணர்வதேயன்றி அதன் வேறுபாட்டை உணர்வதில்லை. 30 வாட்டை 60 ஆக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் உயரும். இரு மடங்கு உரப்பாகத் தோன்ற 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 88 டெசிபெல் தருவதை எடுத்தால், பெருக்கியின் திறனை இரட்டித்த பயன் கிடைத்துவிடும். சாதாரண அறையில் இசை கேட்க ஒரு வாட்டே பெரும்பாலும் போதும். எஞ்சியது, மிருதங்கத்தின் தீர்மானம் போன்று திடீரென உயரும் இடங்களுக்கான இருப்பு.

இனி, ஒலியின் தரத்துக்கு வருவோம். இன்றைய மலிவுப் பெருக்கிகளிலும் நல்லவை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற அறிவியலாளர் 1980களில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின் மறைத்து வைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். செவிக்குறை இல்லாதவர்களின் மதிப்பீடு பெரிதும் ஒத்திருந்தது. எந்த அதிர்வெண்ணையும் தூக்காமலும் தாழ்த்தாமலும் சீராகத் தரும் ஸ்பீக்கரையே அவர்கள் விரும்பினர். 1994இல் அவரும் ஷான் ஆலிவ் என்பவரும், கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டால் உருவமும் பெயரும் அந்த மதிப்பீட்டை மாற்றிவிடுவதைக் காட்டினர்.

கடையில் நாம் கண்ணைத் திறந்துகொண்டுதான் கேட்கிறோம். அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. உரப்பு குறையும்போது கீழ்ச் சுருதிகள் நம் செவிக்கு மற்றவற்றைவிட அதிகமாக மங்குகின்றன என்று 1933இல் ஃபிளெச்சரும் மன்சனும் காட்டினர். ஆகவே சற்றே உரத்து ஒலிப்பது, தரத்தில் உயராவிட்டாலும் செழுமையாகத் தோன்றும். இரு கருவிகளை ஒப்பிடுமுன் அவற்றின் உரப்பைச் சமமாக்கச் சொல்லுங்கள்; ‘பேஸ்’ குமிழை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுப் பழகிய ஒரு பதிவையே ஒலிக்கச் செய்யுங்கள். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியே கேட்கின்றனவா? பாடுபவரின் குரல் மனிதக் குரலாக இருக்கிறதா, பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா?

வாங்கியபின் அறையும் ஒரு கருவிதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். நம் அறைகளின் நீளத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். ஸ்பீக்கரை மூலையில் ஒடுக்கினால் கீழ்ச் சுருதிகள் வீங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் எதிரொலியைப் பெருக்கும். கனத்த திரைச்சீலை, ஜமுக்காளம், புத்தக அலமாரி ஆகியவை அதைக் குறைக்கும். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமைவது சிறந்தது. ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் இரு ஸ்பீக்கர்களை அடைத்து ஸ்டீரியோ என்று விற்பதில் பெயர் மட்டுமே மிச்சம்.

மறுபுறம், விலையுயர்ந்த கம்பிகளை விற்போரின் கூற்றையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 5 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் அதன் மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரின் முன் இது ஒரு சதவீதம்கூட இல்லை. மின்சாமான் கடையில் கிடைக்கும் கம்பியே போதும்.

ஆகவே கைப்பணத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்குங்கள். அடக்கமான, ஆனால் நாணயமான திறன் குறிப்புள்ள பெருக்கியை எடுங்கள். எஞ்சிய பணத்தில் ஒரு ஜமுக்காளம் வாங்குங்கள். பெரிய எண்களைக் கண்டு கேள்வி கேட்பவர் பெருகும் வரையில், பெட்டியின் மீது பூச்சியங்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.