வினையும் மனையும்: ஈழத்துப் பெண்கள் கவிதை குறித்து ஒரு மதிப்பீடு

குறுந்தொகையின் 135ஆம் செய்யுள் நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஆடவனுக்கு அவன் மேற்கொள்ளும் தொழிலே உயிர் என்றும், மனையகத்து வாழும் மகளிர்க்கு அவ்வாடவனே உயிர் என்றும் பாலை பாடிய பெருங்கடுங்கோ அமைத்த கருத்து, தமிழர் குடும்ப அறத்தின் சூத்திரம்போலவே கற்பிக்கப்பட்டு வருகின்றது. ஆயின், அச்செய்யுளில் பேசுபவள் தோழி. இக்கருத்தை நமக்கு உரைத்தவர் தலைவரே என்பதையும் அவள் உடன் சேர்த்தே சொல்லுகின்றாள். அவரே அவ்வாறு கூறியவராதலின் பிரிந்து செல்லார், அழாதே என்பது அவள் தலைவியைத் தேற்றும் முறை. எனவே சூத்திரம் ஆடவர் கூற்று. பெண்ணொருத்தி அதனை அவர்க்கெதிரே சான்றாக நிறுத்துகின்றாள். சூத்திரத்தை மனனஞ் செய்த நாம், சொன்னவர் யார் என்பதை மறந்துவிட்டோம்.

இதே பழந்தமிழ்த் தொகுதியில் மற்றொரு பெண்ணும் உளள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங் கண்ணனார் காட்டும் ஆய்மகள் வைகறையில் எழுந்து தயிர் கடைகின்றாள். சும்மாட்டின்மேல் மோர்ப்பானையை ஏற்றி ஊர்தோறுஞ் சென்று விற்கின்றாள். அவ்விலையாற் பெற்ற உணவைக் கொண்டு தன் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ள மறுத்து, எருமையும் பசுவுமாகக் கேட்டுப் பெறுகின்றாள். தன் உழைப்பின் பயனை எவ்வடிவிற் கொள்வது என்று தீர்மானிப்பவள் அவளே. அவளை மனையுறை மகளிர் என்ற தொடருக்குள் அடக்குவது எங்ஙனம்?

இவ்வினா எமக்கு நூலகத்தில் எழுந்ததன்று. கொடிகாமத்துச் சந்தையில் எழுந்தது. கண்டி வீதியினின்றும் பருத்தித்துறை வீதி பிரியும் அச்சந்தியையடுத்த சந்தையைத் தென்மராட்சியில் அறியாதார் இலர். தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் ஒடியலும் கீரையும் அங்கு விலையாகும். அவற்றுள் எத்தனையோ பொருள்கள் விலைப்படும் முன்னர்ப் பெண்களின் கைகளைக் கடந்தே வருகின்றன. கிழங்கு அவித்து உலர்த்துவோரும், கடகம் இழைப்போரும், கீரைப்பிடி கட்டுவோரும் அவர்களே. எனினும், வீட்டுக் கணக்கில் அவ்வேலை ‘உதவி’ என்றே எழுதப்படும். ஆடவன் செய்வது மாத்திரம் ‘தொழில்’. பெருங்கடுங்கோவின் தலைவன் இன்றும் நம் கணக்குப் புத்தகத்தில் இருந்து பேசுகின்றான்.

நவீன ஈழத்து இலக்கியத்தில் இப்பேச்சுக்கு மறுமொழி கூறிய நூல்களுள் முதன்மையானது, யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ என்னும் தொகுதியாகும். பத்துப் பெண்களின் 24 கவிதைகளைக் கொண்ட சிறு நூல் அது. அ. சங்கரி, சிவரமணி, ஔவை, ஊர்வசி, மைத்ரேயி, மசூறா ஏ. மஜிட் முதலியோர் அதில் எழுதினர். சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’ என்ற கவிதை, பெண்ணை உறுப்புக்களாகப் பிரித்து நோக்கும் கண்களைச் சாடிவிட்டு, அதே மூச்சில் அவள்மீது சுமத்தப்பட்ட வேலைகளையும் நிரல்படுத்துகின்றது. அழகுப் பொருளாகப் பார்ப்பதும் வேலைக்காரியாகக் கொள்வதும் இரு வேறு குற்றங்களல்ல, ஒரே பார்வையின் இரு பக்கங்கள் என்பதை நீண்ட கட்டுரைகளினும் அச்சிறு கவிதை நன்கு விளக்குகின்றது. மொழி எளிமையானது, சில இடங்களில் உரைநடையோ என ஐயுறவும் வைப்பது. யாப்பிற் பழகிய செவிக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் வேலைப் பட்டியலுக்கு அலங்காரம் எதற்கு?

வீட்டதிகாரம் வீட்டளவில் நிற்பதன்று என்பதை வெர்ஜீனியா வுல்ஃப் 1938இல் வெளியிட்ட ‘மூன்று கினிகள்’ என்னும் நூலில் வற்புறுத்தினார். குடும்பத் தலைவனின் கொடுங்கோன்மையும் நாட்டுச் சர்வாதிகாரியின் கொடுங்கோன்மையும் ஒரு வேரின் என்பது அவர் வாதம். ஐரோப்பாவில் பாசிசம் தலைவிரித்தாடிய காலத்து வாதமாயினும், ஈழத்தில் 1980களின் இறுதியில் இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை, வாழ்வே உரைத்தது. அரசபடை, இந்தியப் படை, இயக்கங்கள் என அதிகாரம் பல சீருடைகளில் வந்தபோது, அவை யாவும் பெண்ணின் வாயை அடைப்பதில் வீட்டுத் தலைவனையே ஒத்திருந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம, ‘முறிந்த பனை’ நூலில் 1987 ஒக்டோபர்ப் போரிற் பெண்கள் பட்டவற்றை எழுதியவர். எத்தரப்பின் குற்றத்தையும் மறைக்க இசையாதவர். நூல் வெளிவருமுன், 1989 செப்டெம்பர் 21இல் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பூரணி பெண்கள் நிலையத்திற் பணியாற்றியவரும் ‘தோழி’ இதழை நடாத்தியவருமான கவிஞர் செல்வி, 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டு மீளவேயில்லை. அடுத்த ஆண்டு சர்வதேச பென் அமைப்பின் விருது அவர் இல்லாமலே வழங்கப்பட்டது.

சிவரமணியின் கவிதை இவ்விடத்தில் தனியே நோக்கத்தக்கது. யுத்தகால இரவின் நெருக்குதல் குழந்தைகளை வளர்ந்தோராக்கிவிடுதலைப் பாடிய அவரது கவிதையிற் களமுமில்லை, வீரமுமில்லை. ஒரு வீட்டின் இரவும், அடைக்கப்பட்ட கதவும், சிறுவர் விளையாட்டும் மாத்திரமே உள்ளன. ஆயுத அதிகாரம் பிள்ளைகளின் கைப்பழக்கமாகப் படியும் விதத்தை இத்துணைத் தாழ்ந்த குரலிற் காட்டிய வேறொரு கவிதை அக்காலத்து எழுந்ததாக யாம் கருதவில்லை. அவ்வாண்டுகளில் மலிந்திருந்த போர்ப்பாட்டுக்களின் முழக்கத்தோடு ஒப்புநோக்கின், தாழ்ந்த குரலே துணிவு மிக்கது என்பது புலனாகும்.

இனி, இக்கவிதைகளின் எல்லையையும் கூறுதல் வேண்டும். புகழ்ச்சி மாத்திரம் மதிப்பீடாகாது. ‘சொல்லாத சேதிக’ளின் பெண் பெரும்பாலும் கற்ற பெண். சமையலறையை அவள் அறிவாள்; கூலிக்கு வெங்காயத் தோட்டத்திற் களைபிடுங்குபவளை அத்துணை அறியாள். வீட்டுக் கிணற்றில் நீரள்ளும் சலிப்பு அவளுக்கு உண்டு. கிணற்றில் அள்ளவே உரிமை மறுக்கப்பட்டவளின் தாகம் வேறு. அத்தாகத்தைப் பாடுபொருளாக்கியவர் கே. டானியல். 1960களின் தேநீர்க்கடைப் பிரவேசம், மாவிட்டபுரத்திலும் கொடிகாமத்துக்கு அணித்தான மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலும் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் ஆகியவற்றின் சூழலில் முகிழ்த்தது, 1972இல் வெளிவந்த அவரது ‘பஞ்சமர்’. ஒரு குவளைத் தேநீரும் ஒரு படலையும் அரசியலாகும் நுட்பத்தை டானியல் நன்கறிந்தார். ஆனால் அங்கும் போராட்டத்தை நடாத்துவோராக முன் நிற்பவர் பெரிதும் ஆடவரே. ஆக, ஒரு நூல் பெண்ணைக் கண்டது, சாதியை அரைகுறையாகவே கண்டது. மற்றது சாதியைக் கண்டது, பெண்ணை அரைகுறையாகவே கண்டது. இவ்விடைவெளியில் ஓரளவு நடந்து சென்றவர், பரந்தன் குமரபுரத்திலிருந்து விவசாயக் குடும்பங்களின் வாழ்வைக் கதையாக்கிய தாமரைச்செல்வி. வயலிற் குனிந்து நிற்கும் பெண்ணின் முதுகுவலி அவர் கதைகளிற் செய்தியாக அன்றி அனுபவமாக வருகின்றது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராய்த் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கொடிகாமத்து வீதியோரங்களிலும் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் அடுப்பு மூட்டி, நீர் சுமந்து, நோயாளரைப் பேணியோர் பெரும்பாலும் பெண்கள். இடப்பெயர்வு பற்றி எழுந்த எழுத்துக்களில் நடந்த தூரமும் கைவிட்ட வீடும் விரித்துரைக்கப்பட்டுள. அவ்வடுப்புகள் போகிற போக்கிலேயே வந்து போகின்றன. ஆய்மகள் தன் கூலியை எவ்வுருவிற் பெற்றாள் என்பதை எருமை, பசு என எண்ணிச் சொன்ன உருத்திரங் கண்ணனாரின் கண், கொடிகாமத்தைப் பாடுவோரில் எவர்க்கேனும் வாய்த்துளதா என்று தேடி வருகின்றோம். இதுவரை நாம் படித்தவற்றுள் அகப்படவில்லை.