கடன் விடுதலும் குற்றம் பொறுத்தலும்: எல்லைப்புறத் தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் மன்னிப்பு

கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கருத்தாக்கமாகிய மன்னிப்பு தமிழில் ஒரே சொல்லால் வழங்கப்பெறவில்லை. இயேசு கற்பித்ததாக நாள்தோறும் ஓதப்பெறும் செபமே இதற்குத் தக்க சான்று. 1871-இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதலில் மத்தேயு 6:12 கடன், மன்னித்தல் என்னும் சொற்களால் அமைந்துள்ளது. கத்தோலிக்கர் ஓதும் செபத்தில் குற்றம், பொறுத்தல் என்பன ஆளப்பெறுகின்றன. பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் (1995) குற்றத்தை வைத்துக்கொண்டு மன்னித்தலை மேற்கொள்கிறது. இவற்றை நடை வேறுபாடுகளாகக் கொள்ளத் தோன்றும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத்தில் நின்று நோக்கின் அவ்வாறு கொள்வது பொருந்தாது என்பது புலனாகும்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம் வட்டத் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் கிறித்தவர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிச் செபங்களும் அவர்தம் செவியில் விழுவன. மலையாளச் சத்தியவேதபுஸ்தகம் (1910) மேற்கூறிய இடத்தில் கடன்களை ‘விடுதல்’ என்றே கூறுகிறது. கிரேக்க மூலத்தின் ‘அஃபியேமி’ என்னும் வினைக்கும் விட்டுவிடுதல், போகவிடுதல் என்பதே முதற்பொருள். ‘ஒஃபெய்லேமா’ என்பது செலுத்த வேண்டிய கடன். எனவே மூலத்தை மிக நெருங்கி நிற்பது மலையாளத் தொடரே எனலாம். இவ்வினை தமிழுக்கு அயலானதன்று. வீடு, விடுதலை ஆகியன இவ்வடியினின்று பிறந்தவை. ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் நீக்குமாறு கட்டளையிடும் உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் ஐக்கியத் திருப்புதலே ‘விடுதலை’ என்னும் சொல்லை ஆண்டுள்ளது. செபத்தில் மட்டும் அச்சொல் இடம்பெறாமற் போனது ஓர் இழப்பாகும்.

மலைத்தோட்டத் தொழிலாளர்க்குக் கடன் என்பது உருவகம் அன்று. கங்காணியிடம் பெற்ற முன்பணமே அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. மூணாற்றுக்கு வடக்கேயுள்ள ஆனைமலைத் தோட்டங்கள் சென்னை மாகாணத்திற்கு உட்பட்டிருந்தன. முன்பணம் பெற்றவர் ஒப்பந்தத்தை மீறி வேலையினின்று நீங்குதலை 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் தண்டனைக்கு உரியதாக்கியது. அச்சட்டம் 1926 வரை நீடித்தது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியலின் ஆங்கில நாவலில் (1969, இரா. முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’, 2007) கருப்பன், வள்ளி இருவரையும் மலையில் நிறுத்திவைப்பது இத்தகைய தீராக் கடனே. இத்தகைய வாழ்வினர் கடன் விடுமாறு வேண்டும்போது அவ்வேண்டுதல் கடவுளை நோக்கியதாக மட்டும் நில்லாது. கணக்கேட்டை வைத்திருப்பவரையும் சுட்டும். கடன் குற்றமாக மாறியவுடன் இச்சுட்டு மறைந்துவிடுகிறது. சீரோ மலபார் திருச்சபையின் மலையாளச் செபம் இன்றும் ‘கடக்கார’ரைக் கைவிடவில்லை என்பது ஒப்புநோக்கத்தக்கது.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் உவமையும் இவ்வழியே விளங்கும். பத்தாயிரம் தாலந்து தள்ளுபடி பெற்ற ஊழியன் நூறு தெனாரியத்திற்காக உடன் ஊழியனின் கழுத்தை நெரிக்கிறான். தெனாரியம் ஒன்று ஒருநாட் கூலி. தாலந்து ஒன்று ஏறத்தாழ 6,000 தெனாரியம். நூறு நாட் கூலிக்கு எதிரே ஆறு கோடி நாட் கூலி! கடன் கொடுத்தவனே விட்டுக்கொடுக்க வேண்டியவன் என்பதில் இவ்வுவமைக்கு ஐயமில்லை.

பொறுத்தல் என்னும் சொல்லில் சுமை இடம் மாறுகிறது. தீங்குற்றவர் தாங்கிக்கொள்வதே அதன் முதற்பொருள். பொறை என்பதற்குச் சுமை என்றும் பொருளுண்டு. தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைப் பொறையுடைமைக்கு உவமையாக்கிய வள்ளுவர், கண்ணோட்டம் (58) என்னும் அதிகாரத்தில் ஒறுக்க வல்லவர்க்கும் அப்பண்பைத் தலையாயதாக வைத்தார், அவ்வதிகாரம் அரசியலின்பாற்பட்டது. ஒறுக்கும் ஆற்றலற்ற தொழிலாளியிடம் மட்டும் பொறுக்குமாறு போதிக்கப்படுமாயின், அது விவிலியத்திற்கும் குறளுக்கும் ஒருங்கே மாறானதாகும்.

பாவ அறிக்கையைக் குறிக்கும் சொற்களின் வரலாறு மற்றொரு சான்று. அன்றிக்கே அடிகளாரின் தமிழ் அறிக்கை நூல் 1580-இல் கொச்சியில் அச்சேறியது. போர்ச்சுக்கீசிய வழிவந்த ‘கும்பசாரம்’ மலையாளத்தில் நிலைத்தது. தமிழில் பாவசங்கீர்த்தனம் வழங்கிப் பின்னர் ‘ஒப்புரவு’ அவ்விடத்தைப் பெற்றது. முன்னது வாயால் சொல்லுதலோடு நிற்பது. ஒப்புரவோ குறளில் (22) ஊருணி நீர்போல் செல்வம் பிறர்க்குப் பயன்படுதலைக் குறித்த சொல். கொடுக்கல் வாங்கலின் மணம் அதனை விட்டு நீங்கவில்லை. ஐக்கியத் திருப்புதலும் மத்தேயு 5:24-இல் இச்சொல்லையே ஆள்கிறது. அங்குக் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு எழுந்து செல்லுமாறு பணிக்கப்படுபவன் மனக்குறை கொண்டவன் அல்லன். எவன்மீது குறை உண்டோ அவன்.