கடற்கரையில் ஓர் ஆங்கிலக் கவி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் திஷானி தோஷியின் கவிதைகளைப் படித்துக்கொண்டு போனேன். பக்கத்திலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "இங்கிலீஷுங்களா? எழுதினவங்க எந்த ஊரு?" என்றார். "இந்தக் கடற்கரைதான்" என்றேன். அவர் நம்பவில்லை. அந்தப் பதிலை எனக்கே நான் நியாயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

திஷானி 1975இல் சென்னையில் பிறந்தவர். தகப்பனார் குஜராத்தி; தாயார் வேல்ஸ் நாட்டவர். அமெரிக்காவில் படித்து, லண்டனில் வேலை பார்த்துவிட்டு, 2001இல் ஊர் திரும்பியவர் நாட்டியக் கலைஞர் சந்திரலேகாவைச் சந்தித்தார். அவருடைய 'சரீரா'வில் ஆண்டுக்கணக்காக ஆடினார். முதல் தொகுதியான 'கன்ட்ரீஸ் ஆஃப் தி பாடி' 2006இல் இங்கிலாந்தின் ஃபார்வர்ட் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் சந்திரலேகா மறைந்தார். பிற்பாடு திஷானி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே பரமன்கேணியில் கடலோரமாகக் குடியேறினார்.

ஆங்கிலத்தில் எழுதும் இந்தியர்களிடம் நமக்கெல்லாம் ஒரு சந்தேகம் உண்டு. நம் ஊர் அவர்களுக்கு நாடக மேடையின் படுதாதானோ என்பது அது. படுதாவை அவிழ்த்துவிட்டாலும் நாடகம் நடக்குமானால் சந்தேகம் சரி. 2019இல் வந்த இவருடைய 'ஸ்மால் டேஸ் அண்ட் நைட்ஸ்' நாவலில் அப்படிச் செய்ய முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள அக்காளைக் கூட்டிவந்து கடற்கரை வீட்டில் வாழ முயலும் கிரேஸுக்கு, தான் அங்கே வேற்றாள் என்ற பயம்தான் கதை.

கவிதையில் இந்த ஊர் உடம்பு வழியாக வருகிறது. நாட்டியம் கற்ற உடம்பு மூச்சையும் பாரத்தையும் அறியும். கொடுமைக்கு ஆளான பெண்கள் காட்டிலிருந்து திரும்பி வருவதாக எழுதிய கவிதையை (2017) மேடையில் ஆடியும் காட்டினார். 'எ காட் அட் தி டோர்' (2021) தொகுதியில் எனக்குக் குறை உண்டு: செய்தியின் சூடு ஆறுமுன் எழுதியவை போல் சில இருக்கின்றன, வரிகளை உருவமாக அடுக்கியவை கண்ணுக்கு நிறைந்த அளவு காதுக்கு நிறையவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கி, தவம் செய்யும் அந்தக் கல் பூனையின் முன் நின்றேன். அதன் பாசாங்கு யாருக்கும் புரிகிறது, மொழி வேண்டியிருக்கவில்லை. கவிதைக்கு அந்த வசதி இல்லை. பஸ்ஸில் பெரியவருக்கு ஒரு கவிதையைச் சொல்ல முயன்று, தமிழ் வார்த்தை கிடைக்காமல் நான்தான் திணறினேன். அது திஷானியின் கடன் அல்ல. அவர் நம் ஊர்க்கவி என்று சொல்லிக்கொள்ளும் நாம்தான் அவரைத் தமிழில் கொண்டுவந்து தர வேண்டும்.