முல்லையும் மேய்ச்சல் நிலமும்: திணைத் திறனாய்வில் ஒரு விடுபடல்

முல்லைக்கு முதற்பொருள் காடும் கார்காலமும் மாலைப்பொழுதும், கருப்பொருள் மாயோன், ஆயர், ஆநிரை, வரகு, சாமை, உரிப்பொருள் இருத்தல். இவ்வட்டவணையை வகுப்பறையில் ஆண்டுதோறும் எழுதிப் போடுகிறோம். இக்கட்டுரையாளரும் பல ஆண்டுகள் எழுதிப் போட்டவரே. அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் தவறுவதில்லை. ஆனால், ஆநிரை மேய்ந்த புல் எங்கிருந்து வந்தது, அதனைக் காத்தவர் யார், அது அழிந்தால் திணை என்னவாகும் என்னும் வினாக்கள் அங்கு எழுவதேயில்லை. முல்லை இயற்கையாக அமைந்த பின்னணி மட்டுமன்று. மனித உழைப்பால் பேணப்பட்ட மேய்ச்சல் நிலம் என்பதும், அப்பேணுதலை விலக்கிப் பார்த்தால் உரிப்பொருளே வலுவிழக்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலம் திறனாய்வின் பார்வையிலிருந்து விலகிய வரலாறு சுருக்கமானது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் 1960களில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள், சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை விரிவாக ஆராய்ந்தார். 'நிலத்தோற்றமும் கவிதையும்' எனப் பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் 1966இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஏ.கே. இராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு 'அக நிலக்காட்சி' எனப் பொருள்படும் தலைப்புடன் வெளிவந்து உலகக் கவனம் பெற்றது. அதன் பயன் பெரிது. எனினும், அதன் செல்வாக்கால் நிலம் மனத்தின் குறியீடாகவே பெரிதும் வாசிக்கப்பட்டது. கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய திணைக் கோட்பாட்டுக் கட்டுரை பொருளியலை மீட்டெடுத்தது. ஆயின், அங்கும் ஆயர் வாழ்வு சமூக வளர்ச்சியின் ஒரு படிநிலை என்னும் அளவிலேயே நின்றது. நிலத்தைப் பேணும் அறிவு மூவர்க்கும் முதன்மைப் பொருளாக அமையவில்லை.

முல்லைப்பாட்டை மீண்டும் நோக்குவோம். தலைவன் பாசறையில் இருக்க, முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அவர்கள் கேட்பது தெய்வ வாக்கன்று. தாயைக் காணாது வருந்தும் கன்றிடம், கோவலர் ஓட்டிவர உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என ஆய்மகள் கூறும் தேற்றுமொழியே அது. அச்சொல்லைக் கொண்டே தலைவன் வருவான் என அவர்கள் தலைவியைத் தேற்றுகின்றனர். தலைவியின் நம்பிக்கைக்குச் சான்று ஆநிரை மாலையில் வீடு திரும்பும் உறுதியே. அவ்வுறுதிக்குச் சான்று யாது? ஊருக்கு அணித்தே புல் இருப்பது. புல் அற்றுப்போன ஊரில் ஆநிரை தொலைநிலம் தேடிச் செல்லும், மாலையில் திரும்பாது. அங்கு ஆய்மகளின் சொல் பொய்க்கும், நற்சொல்லும் பொய்க்கும். உரிப்பொருள் கருப்பொருளின்மேல் நிற்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

இத்தகைய நிலப்பேணுதலை இன்றும் கொங்கு நாட்டில் காணலாம். திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் 'கொறங்காடு' எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. காங்கயம் மாட்டினத்தின் தாயகம் இதுவே. கிளுவையை உயிர்வேலியாக நட்டு நிலத்தைப் பிரித்துக்கொள்வர். கொழுக்கட்டைப் புல் தரையை மூடியிருக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். ஒரு பிரிவில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்ததற்கு மாற்றுவர். மேய்ந்த நிலம் ஓய்வு பெறும். கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகும். சாணம் மண்ணுக்கே திரும்பும். எத்தனை மாடு, எத்தனை நாள் என்னும் கணக்கே இம்முறையின் உயிர்.

அக்கணக்குத் தவறினால் புல் விதை விடுமுன்பே வேரளவு மேயப்படும்; வெற்றுமண்ணில் மழைநீர் தங்காது ஓடும்; சீமைக்கருவேலம் நுழையும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் காடுகாண் காதையின் கருத்தை நாம் பெரும்பாலும் இலக்கண விளக்கமாகவே கற்பிக்கிறோம். ஆயின், அவ்விடத்தில் ஞாயிற்றை வேந்தனாக உருவகித்திருப்பது எண்ணத்தக்கது. ஆள்வோர் நிலை திரிந்தால் நிலமும் திரியும் என்னும் குறிப்பு அவ்வுருவகத்துள் அடங்கியுள்ளது. பாலை ஒரு நிலத்தின் பெயர் என்பதினும், ஒரு நிலம் கெடும் முறையின் பெயர் எனலாம்.

அண்மைய வரலாறும் இவ்விடுபடலையே காட்டுகிறது. 2014 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 சனவரியில் தமிழகமெங்கும் மக்கள் திரண்டனர். சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே மாதம் நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. முல்லைக்கலியின் ஏறுதழுவல் மேடைதோறும் சான்றாக எடுத்தாளப்பட்டது. ஏற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அது மேயும் நிலத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. உழவு இயந்திரத்துக்கும் நீரிறைப்பு மின்பொறிக்கும் மாறிய பின்னர் உழைப்பு மாடுகளின் தேவை குறைந்தது. மாடு குறைய, மேய்ச்சல் நிலத்தை வைத்திருக்கும் காரணமும் தளர்கிறது. நிலம் துண்டுபட்டு விற்பனைக்கு வருகிறது. காளை அடையாளமாக நிலைபெற, அதன் திணை அழியக்கூடும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கொறங்காடு தனியார் உடைமை. அதனைப் புகழ்வது நிலவுடைமையைப் புகழ்வதாகாதா? இம்மறுப்பு நியாயமானதே. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) பண்ணையில் கட்டுண்டு ஆடு மேய்க்கும் ஒடுக்கப்பட்ட சிறுவனின் வாழ்வைக் கூறுகிறது. புல்லையும் மழையையும் விலங்கின் குணத்தையும் நுட்பமாக அறிந்தவன் அச்சிறுவன், நிலமோ அவனுடையதன்று. முல்லையின் அறிவு ஒருவரிடமும் உரிமை வேறொருவரிடமும் இருப்பதை அந்நாவல் உணர்த்துகிறது. அதனை முல்லை இலக்கியமாகவும் வாசித்தால், நிலம் எவ்வாறு பேணப்படுகிறது என்பதோடு எவருடைய உழைப்பால் பேணப்படுகிறது என்பதையும் கேட்க நேரும்.

இவ்வினா மலேசியத் தமிழர்க்கும் அயலானதன்று. தோட்டப்புறங்களில் நம் முன்னோர் பலர், தமக்கு உரிமையில்லாத நிலத்தில் மாடு வளர்த்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீட்டோடு மேய்ச்சலும் போயிற்று. முல்லைப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், "எங்கள் தாத்தா மாடுகளை விற்ற அன்று சாப்பிடவில்லை" என்றார் ஒரு மாணவி. கரும்பலகையிலிருந்த அட்டவணையில் அச்செய்தியை எழுத இடமில்லை. இடம் ஏற்படுத்துவதே இனி முல்லையைக் கற்பிப்போர் கடமை.