பலர் கை பட்ட நூல்

ஒரு நூல் என்றால் அதற்கு ஆசிரியன் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பது நம்மவரிடம் நெடுங்காலமாக ஊறிப்போன எண்ணம். பாடியவர் பெயர் தெரியாதபோதும் நாம் சும்மா இருந்ததில்லை. பாட்டில் வந்த உவமையையே எடுத்துப் பாடியவருக்குச் சூட்டிச் செம்புலப் பெயனீரார் என்று அழைத்த மரபு நம்முடையது. அத்தகைய மொழியில், ஆசிரியர் இன்னார் என்று அட்டையில் அச்சிட முடியாத பெருநூல் ஒன்று 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் எழுதப்பட்டு வருகிறது. இணையத்தில் வளரும் தமிழ் விக்கிப்பீடியாவே அது. அதன் கட்டுரைகள் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டன. எழுதுவோர்க்குக் கூலியில்லை, பட்டமும் பதவியும் கேட்பாரில்லை.

இதனை இலக்கியப் பகுதியில் எடுத்துப் பேசுவானேன் என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். பள்ளி மாணவன் ஒருவன் ஒரு செய்தியை அறிய விரும்பினால் இன்று நூல்நிலையத்துக்கு ஓடுவதில்லை. கைப்பேசியைத் தட்டி இந்நூலின் பக்கத்தையே முதலில் காண்கிறான். பல்லாயிரவர் அன்றாடம் படிக்கும் உரைநடை நன்றா, தீதா என்று பாராமல், ஐம்பது பேர் வாங்கும் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருப்பது திறனாய்வுக்கு அழகன்று.

இதற்கு முன்னோடிகள் உண்டு. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதானகோசம் 1902-இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வந்தது. முதலியார் பள்ளி ஆசிரியர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்வொரு நூலில் கரைத்தார். அச்சேற்றப் பொருளுதவி வேண்டிச் செல்வர் பலரை அணுகி ஏமாந்தபின், பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே நூல் வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கண்டனர். இவர்தம் உழைப்பை நாம் ஒருபோதும் குறைகூறோம். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அச்சான பிழை அச்சானதே. அதைத் திருத்த அடுத்த பதிப்பு வரவேண்டும், அது பெரும்பாலும் வருவதில்லை. மேலும், அறிஞர் எழுதுவர், ஏனையோர் படிப்பர் என்னும் பிரிவினை அவற்றின் அமைப்பிலேயே இருந்தது. பால் வெட்டுகிறவனும் அறிந்தது ஏதேனும் இருக்கும் என்று அந்த அமைப்புக் கேட்டதில்லை.

மேனாட்டிலும் இதே நிலைதான். ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000-ஆம் ஆண்டில் நூப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியபோது, ஒவ்வொரு கட்டுரையும் வல்லுநர் பார்வையில் ஏழு படிகளைத் தாண்டவேண்டும் என விதித்தனர். பலன் யாது? 2003-இல் அது மூடப்பட்டபோது ஒப்புதல் பெற்று நின்றவை 25 கட்டுரைகள். அதற்குத் துணையாக 2001 சனவரியில் எவரும் எழுதலாம் என்று திறந்துவிட்ட விக்கிப்பீடியாவோ தாயை விழுங்கிய பிள்ளையாக வளர்ந்தது.

எவரும் எழுதலாம் என்றால் எவரும் கெடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. விடை அந்நூலின் கருவிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'தொகு' என்றொரு சொல் நிற்கும். அதைத் தொட்டால் பக்கம் திறந்துகொள்ளும், மாற்றிச் சேமிக்கலாம். ஆனால் பழைய வடிவம் அழிவதில்லை. 'வரலாறு' என்னும் பகுதியில், இன்ன நாளில், இன்ன மணித்துளியில், இன்ன பெயரினர் இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லை இட்டார் என்பது முதல் எழுத்திலிருந்து கிடக்கும். இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை நிறமிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. ஒருவன் குறும்பு செய்தால் மற்றொருவன் ஒரே தட்டில் முந்திய வடிவத்தை மீட்டுவிடுவான். 'அண்மைய மாற்றங்கள்' என்னும் பட்டியல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். தனக்கு வேண்டிய பக்கங்களைக் 'கவனிப்புப் பட்டியலில்' இட்டுக்கொண்டு காவல் காப்போரும் உளர். புதியவர் எழுதிப் பழக 'மணல்தொட்டி'. பொதுவழக்கு உரைக்க 'ஆலமரத்தடி'. கடைசிப் பெயரைச் சூட்டியவர் ஊரறிந்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஓலைச்சுவடியை எண்ணிப் பாருங்கள். ஏடெழுதியவன் ஓரிடத்தில் தூங்கி விழுந்து ஓரடியை விட்டான். பின்னவன் தன் சமயத்துக்கு ஏற்ப ஒரு சொல்லைப் புகுத்தினான். யார் செய்தார், எப்போது செய்தார் என்பதற்குத் தடயமில்லை. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பதில் நம் பதிப்பாசிரியர்களின் கண்ணொளி கழிந்தது. இடைச்செருகலைத் தெய்வ வாக்கென்று வணங்கி நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. செருகியவனின் பெயரும் நேரமும் செருகலோடு ஒட்டியே நிற்கும் ஒரு நூல் தமிழில் இருப்பது, பகுத்தறிவு பேசும் எவரும் மகிழவேண்டிய செய்தி. தோட்டத்து நேயர்கட்கு வேறொன்றும் தோன்றலாம். காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலில் நம் பெயரைப் பதிந்தார். அவர் பதிந்ததே பெயர், பதியாவிடில் அன்று நாம் வேலைக்கு வரவில்லை. இந்த வரலாற்றுப் பட்டியலிலோ உழைத்தவனின் பெயரை உழைப்பே பதிகிறது.

நிற்க. புகழ்ச்சி போதும்.

கருவி எவர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமையும் என்பதை 2009 முதல் 2011 வரை நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. கூகுள் நிறுவனத்தார் தம் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு அமர்த்தியவர்களின் வாயிலாக, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி இந்நூலில் குவித்தனர். எண்ணிக்கை பெருகியது, தமிழ் சுருங்கியது. எதை எழுதுவது என்பதைத் தமிழர் தேவை முடிவு செய்யவில்லை. எழுதினோர் பேச்சுப் பக்கத்துக்கு வந்து மறுமொழி கூறும் வழக்கமும் இல்லை. வங்காளிகள் இத்திட்டத்தைத் தடுத்து நிறுத்தினர். நம்மவரோ பேசித் திருத்தப் பார்த்தனர்; அ. இரவிசங்கர் 2010-இல் அக்கட்டுரைகளின் குறைகளை ஆராய்ந்து எழுதினார். அவை விட்டுச்சென்ற பணியைத் தன்னார்வலர் பின்னர்ப் பல்லாண்டு சுமந்தனர். இன்று விக்கிப்பீடியாவிலேயே மொழிபெயர்ப்புக் கருவி உண்டு. பொறி தந்த தமிழை மாற்றாமல் பெரும்பகுதியும் அப்படியே வெளியிட முயன்றால் அது எச்சரிக்கும், தடுக்கவும் செய்யும். நல்ல ஏற்பாடே. ஆனால் எவ்வளவு மாற்றினான் என்பதைத்தான் கருவி அளக்கும். நன்றாக மாற்றினானா என்பதை அளக்கும் கருவி இன்னும் மனிதக் காதுதான்.

அக்காது பல பக்கங்களில் உறங்குகிறது என்றே சொல்வோம். எதைத் திறந்தாலும் 'என்பது' என்று தொடங்கி 'ஆகும்' என்று முடிகிறது. 'கருதப்படுகிறது', 'குறிப்பிடப்படுகிறது', 'அறியப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைகள் சாலைக் கற்களைப்போல் வரிசையாக நிற்கின்றன. கருதியவன் யார்? குறிப்பிட்டவன் யார்? எழுதியவனுக்கே தெரியாது. செடிக்கும் ஆலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஆதலால் செம்பனைக் கன்று நட்டவரை ஆலை நட்டவராக்கிவிடப் பொறிக்குத் தயக்கமிராது. சுங்கை பஞ்சாங்கை 'நீண்ட ஆறு' என்று பெயர்த்துவைத்தாலும் நாம் வியப்படையோம். இதற்கு மாறாக, கட்டடக் கலைஞராகிய யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன் தொடக்க நாளிலிருந்து எழுதிவந்த கட்டுரைகளில் தெளிவு இருக்கிறது. சொல்லவேண்டியதைச் சொல்லி நிறுத்தும் அடக்கம் இருக்கிறது. கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015-ஆம் ஆண்டின் இயல் விருதை அளித்தது கதை எழுதியதற்கன்று, இப்பணிக்கே. உரைநடையும் இலக்கியமே என்பதை அவ்வமைப்பு உணர்ந்தது.

எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் 2022-இல் 'தமிழ் விக்கி' என்னும் வேறொரு கலைக்களஞ்சியம் தொடங்கினர். அங்கே ஆசிரியர் குழு பார்த்த பின்னரே பதிவு நிலைபெறும். படிக்க அது சீராக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வாயிற்காவலன் நல்லவனாயிருக்கும்வரை சரி. நாளை வேறொருவன் நின்றால் கேட்பார் யார்? நமக்குத் திறந்த வாயிலும் தெரியும் திருத்தமுமே உகந்தவை, கொஞ்சம் தூசி வந்தாலும்.

தூசியில் கொடியது சாதித் தூசி. சாதிகளைப் பற்றிய பக்கங்களில் நடக்கும் போரை வரலாற்றுப் பகுதியில் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒருவர் ஓர் அரசனைத் தம் குலத்தில் சேர்ப்பார். மறுநாள் மற்றொருவர் அவனைத் தம் குலத்துக்கு இழுத்துக்கொள்வார். இறந்த மன்னன் ஒரு கிழமையில் நான்கு சாதி மாறுவான். இறுதியில் நிருவாகிகள் அப்பக்கத்துக்குப் பூட்டிட நேர்கிறது. கடல் கடந்து ஒரே லயத்தில் ஒட்டிக் குடியிருந்தும் சாதியை மறக்காத நம்மவர்க்கு இது புதிதன்று. ஆயினும் அச்சு நூலில் இப்பெருமைகள் மறுப்பின்றி நிற்கும். இங்கே 'சான்று எங்கே?' என்று ஒரு சிறுவன் கேட்டுவிடலாம்.

அந்தச் 'சான்று எங்கே?' என்ற கேள்விதான் நம் வட்டாரத்துக்கு வரும்போது நம்மையே குத்துகிறது.

சுங்கை பஞ்சாங் சபாக் பெர்ணம் மாவட்டத்தில் உள்ள ஒரு முக்கிம். அதன் பெயரையே சுங்கை பஞ்சாங், பாஞ்சாங், பாஞ்ஜாங் எனப் பலவாறு எழுதுகிறோம். இச்சிக்கலுக்குக் கருவி உண்டு: 'வழிமாற்று' என்பதை அமைத்தால் எந்த எழுத்தில் தேடினாலும் ஒரே பக்கத்துக்கு வந்து சேரலாம். பத்தாங் பெர்சுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனபோதும், பழம்பெயரால் மட்டும் அறிந்த கிழவர் வழிதவறாமல் இருக்க இதுவே போதும். ஊர்ப்பெயரை அழிக்காமல் ஊருக்குப் புதுப்பெயர் வைக்க அரசாங்கங்கள் இதைக் கற்கலாம்.

ஆனால் பெயரைத் தாண்டி உள்ளே செல்வோம். அதே பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்டார் என்பது நூல்களெல்லாம் சொல்லும் செய்தி. பின்னர் அவர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் பெற்றார். தோட்டத்தின் பெயரோ தமிழ். காடு வெட்டி, குழி தோண்டி, கன்று தூக்கிய கைகள் யாருடையவை? 'நட்டார்' என்னும் ஒருமை வினைக்குள் எத்தனை ஆள் அடங்கினர்? இதை எவரும் திருத்தலாம் என்கிறது கலைக்களஞ்சியம்; உடனே, அச்சில் வந்த நம்பத்தக்க சான்று கொடு என்கிறது. இதனை அங்கே மெய்யறிதன்மை என்பர். 'என் பாட்டி சொன்னாள்' என்பது அங்கே செல்லாது. சொந்த ஆய்வும் செல்லாது.

இவ்விதியை நாம் கண்டிக்கப் போவதில்லை. இவ்விதி இல்லையேல் மேற்சொன்ன சாதிப் போரில் வாய் பெரியவனே வெல்வான். ஆனால் விதி நடுநிலையாயினும் அதன் பயன் நடுநிலையன்று. துரைக்கு நூல் இருக்கிறது, கம்பெனிக்கு அறிக்கை இருக்கிறது. கூலிக்கு நினைவு மட்டுமே இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட தோட்ட வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவை ஒழிக்கக் கேட்டதும் அப்போராட்டக் கோரிக்கைகளில் ஒன்று. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. இன்று அதற்குச் சான்று காட்டப் புகுந்தால், அடக்கியவர்களின் அலுவலகக் கோப்புகளிலிருந்து ஆங்கில அறிஞர் எடுத்தெழுதியவையே முதலில் கைக்கு வருகின்றன.

நம்மிடம் அச்சே இல்லையா? உண்டு. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு ஆகியவற்றின் பழைய இதழ்களில் தோட்டச் செய்தி கொட்டிக்கிடக்கிறது. தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்கள், தொழிற்சங்க அறிக்கைகள், கோயில் திருவிழா மலர்கள் உண்டு. கடைசியாகச் சொன்னவற்றில் நன்கொடையாளரின் படங்கள் முப்பது பக்கமும் ஊர் வரலாறு அரைப் பக்கமுமாக இருப்பது நம் தலைவிதி. அந்த அரைப் பக்கமும் சான்றே. இதழின் பெயர், நாள், பக்க எண் மூன்றையும் அடிக்குறிப்பில் இட்டால் வேலை முடிந்தது. மலேசியாவைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுதிய பத்திரிகையாளர் மலாக்கா முத்துக்கிருஷ்ணன் ஒரு கையால் எவ்வளவு செய்யலாம் என்பதைக் காட்டியிருக்கிறார். பல கைகளுக்காக அமைந்த கருவியை ஒரு கையே சுமப்பது அந்நூலின் குறையன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் மறைகின்றன; மலர்களைக் கறையான் தின்கிறது. சான்று கையில் இல்லாதவர்க்கும் ஓரிடம் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. அங்கே கேள்வி எழுதி, முடிவில் நான்கு அலைக்குறிகள் இட்டால் பெயரும் நேரமும் தாமே பதியும். தென்னமரத்தில் 1917-இல் குழி வெட்டியவர் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வந்தவர், அவர்தம் பெயர் எழுதிய பேரேடு எவர் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கிறதா என்று முதலில் அங்கே ஒருவர் கேட்டு வைக்கட்டும்.