போற்றித் திருவகவலில் ஸ்கேன் இருக்கிறதா?

"மணிவாசகர் அந்தக் காலத்திலேயே ஸ்கேன் பண்ணிட்டாரு!" கோல சிலாங்கூர் பக்கத் தோட்டக் கோயில் பேச்சுகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இப்போது மாணவர் கட்டுரைகளிலும் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாடலை நின்று படித்தவர் இப்படிச் சொல்லமாட்டார்.

திருவாசகத்தின் நான்காம் பகுதி போற்றித் திருவகவல். அதில் கருவின் வாழ்வு மாதம் மாதமாகப் பத்தாம் மாதம் வரை வருகிறது. அந்த அடிகளைத் தேடிப் பாருங்கள்: கண் இல்லை, இதயம் இல்லை, முதுகெலும்பு இல்லை. இருப்பவை ஆபத்துகள். கிருமிகளிடமிருந்து தப்பியது, நாலாம் மாத இருட்டில் தப்பியது என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் வரும் சொல் பிழைத்தல். இங்கே அதற்குத் தவறு செய்தல் என்று பொருளல்ல, உயிர் தப்புதல். (மாணவர்கள் வழுக்கும் இடம் இது.) பத்தாம் மாதத் துயரில் தாயும் சேர்ந்துகொள்கிறாள்.

ஸ்கேனின் வேலை வேறு. 1958-இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு குழுவினர் ஒலியலைப் படங்களை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இன்று 18 முதல் 22 வாரத்துக்குள் மூளை, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம் எல்லாம் ஒழுங்காக உருவாகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே உறுப்பு தெரிகிறது. அகவல் தப்பியதை எண்ணுகிறது.

அப்படியென்றால் ஒப்பிடவே கூடாதா? தாராளமாக ஒப்பிடலாம். புக்கிட் ரோத்தானிலிருந்து கிளினிக்குக்குப் போகும் பெண், வயிற்றில் ஜெல் தடவியதும், "பிள்ளைக்கு எல்லாம் சரியா இருக்கா மிஸ்ஸி?" என்றுதான் கேட்பாள். அகவலில் ஓடும் பயமும் அதுதான். அதை எழுதுங்கள். "அன்றே கண்டான் தமிழன்" என்ற வரிக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.